கடை வாசலில் ஆறடி

"மருமகளுக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்கு," என்று நூர்னிசா போனில் தன் தங்கையிடம் சொன்னாள். "ஜன்னலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கா. ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கா."

ஹஸீனாவின் காதில் அது விழத்தான் செய்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கிட்டங்கித் தெருவையே பார்த்தபடி நின்றாள். ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள் இருந்ததால் அந்தப் பெயர். இப்போது இரண்டு பக்கமும் கடைகள். கீழ்த்தளத்தில் அவள் மாமனார் சேக் முகைதீனின் பாத்திரக் கடை, மேலே வீடு. பேண்டேஜ் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரம் அது. தூக்குச்சட்டியும் பையுமாகப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். நடைபாதை என்று இருந்த இடத்தில் கடை வாசலை ஒட்டி மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அதனால் அவர்கள் நடுரோட்டில் நடந்தார்கள். பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்குவார்கள், ஒதுங்க இடமில்லாத இடத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள். சித்திரை வெயில் தாரில் பட்டு மேலே எழும்பியது. தெரு முழுக்க ஒரு மரம் இல்லை.

ஹஸீனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. ஜெயபாய் என்ற கட்டட நிபுணரின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவாள். இராஜபாளையத்தில் ஒரு தெருவை எடுத்து, நடக்கிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்ட வேண்டும் என்று நகராட்சி கேட்டிருந்தது. நிழல், அகலமான நடைபாதை, மழைத்தண்ணீர் தரைக்குள் இறங்க வழி, வண்டிகளுக்குத் தனி இடம். நகராட்சி தேர்ந்தெடுத்த தெரு கிட்டங்கித் தெரு. படம் போட்டவள் ஹஸீனா.

இது வீட்டில் அவள் கணவன் முகமது ரியாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

"அத்தா வியாபாரிகள் சங்கத் தலைவர். கடை முன்னாடி வண்டி நிக்கக்கூடாதுன்னு அவர் மருமகளே படம் போட்டிருக்கான்னு தெரிஞ்சா சங்கத்துல அவியளால தலை நிமிர முடியாது," என்றான் ரியாஸ். "நகராட்சி போடுற கூட்டம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத ஹஸீனா."

"வேற யாருக்காவது குடுங்கன்னு மேடம்ட்ட கேக்கவா?"

"கேளேன்."

அவள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அடுத்த அறையில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. போன ரமலானில், கடை வாசலில் இறங்கிய நூர்னிசாவை ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி இடித்துத் தள்ளியது. இடுப்பு எலும்பில் கீறல். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நூர்னிசா அதற்குப் பிறகு தெருவில் கால் வைக்கவில்லை. அவள் தங்கை ஜுலைகாவின் வீடு அதே தெருவின் மறு கோடியில். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஜுலைகா துணி காயப்போடுவது தெரியும். அங்கே போக ஆட்டோ பிடித்தால், ஒருவழிப் பாதை என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். ஒரே தெருவுக்குள் போக ஆட்டோவா என்று ஆட்டோக்காரன் ஒருநாள் சிரித்துவிட்டான். அதோடு அதுவும் நின்றது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனில் பேசினார்கள்.

*

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. நகராட்சிப் பொறியாளர் நவநீதகிருஷ்ணன் திரையில் படத்தைக் காட்டி விளக்கினார். தெருவின் இரண்டு பக்கமும் ஆறடி நடைபாதை. அதற்கு வெளியே புங்கையும் வேம்பும். தளக் கற்களுக்கு இடையில் இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் சாக்கடையில் ஓடாமல் நிலத்துக்குள் இறங்கும். வண்டிகளைத் தெருவுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய கிட்டங்கி மைதானத்தில் நிறுத்தலாம்.

ஹஸீனா கடைசி வரிசையில் ஜெயபாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

சேக் முகைதீன் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. மைக்கை வாங்காமலே பேசினார். அவர் குரலுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

"ஆறடி ஆறடின்னு சொல்லுதீய. மனுஷனுக்கு ஆறடி மையத்தாங்கரையில அடக்கும்போது தன்னால கெடைக்கும். அத எதுக்கு இப்பவே கடை வாசல்ல வெட்டுதீய?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. செருப்புக்கடை பொன்னுராஜ் கை தட்டினார்.

"நம்மகிட்ட வாரவன் வண்டிய வாசல்ல நிறுத்தி, ஒரு குண்டானையோ அண்டாவையோ தூக்கிப் பின்னால கட்டிட்டுப் போறவன். மைதானத்துல நிறுத்திட்டு அண்டாவ இடுப்புல வச்சுக்கிட்டா நடப்பான்? இந்தப் படத்தப் போட்டது யாருய்யா? அவர் ஒரு நாளாவது எங்க தெருவுல வந்து நின்னுருக்காரா? ஏசி ரூம்ல உக்காந்து கோடு போட்டா தெரு ஆயிருமா?"

நவநீதகிருஷ்ணன் ஜெயபாயைப் பார்த்தார். ஜெயபாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், தானே பதில் சொல்லிவிடலாம் என்று. அதற்குள் ஹஸீனா எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை. கால் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"நான்தான் போட்டேன் மாமா. அந்தத் தெருவுலதான் இருக்கேன்."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பின்னால் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொன்னார்கள். சேக் முகைதீன் மருமகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அப்படியே உட்கார்ந்தார்.

நவநீதகிருஷ்ணன் அவசரமாகப் பேசினார். உடனே எதையும் கட்டப் போவதில்லை. ஒரு வாரம் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக் டிரம் வைத்துக் கயிறு கட்டுவோம். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். அந்த நேரத்து அமைதியில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

*

அன்று சாப்பாட்டின்போது சேக் முகைதீன் ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும்போது சொன்னார்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா."

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பீய மாமா."

"சொல்லியிருப்பேன்தான். ஆனா ஊரு முன்னாடி மையத்தாங்கரைன்னு பேசியிருக்க மாட்டேன்."

தெருவைப் பற்றி எதைக் கேட்டாலும் ஹஸீனா பதில் வைத்திருந்தாள். வெயில் எங்கே எப்போது விழும், எத்தனை பேர் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் எல்லாம் தெரியும். இதற்கு மட்டும் இல்லை. நூர்னிசா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

*

டிரம்கள் வந்தன. சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறடிக்குக் கயிறு கட்டினார்கள். மூங்கில் நட்டுப் பச்சை வலை விரித்தார்கள். சாக்கில் வைத்த புங்கங்கன்றுகளை வரிசையாக நிறுத்தினார்கள். மரம் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று வலையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

முதல் நாள் தெருவில் ஒரே சண்டை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே விட்டார்கள். குக்கர் வாங்க வந்த ஒருத்தி, மைதானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றதும் "பொறவு வாரேன்" என்று போய்விட்டாள். பொன்னுராஜ் வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். "வியாபாரம் படுத்துட்டு" என்றார். "நடந்தாத்தான அண்ணாச்சி செருப்பு தேயும்? ஒங்களுக்கு லாபம்தான்" என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, அவனை அடிக்கப் போனார்.

ஹஸீனாவால் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. மதியமே ஜெயபாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரின் தேரோடும் வீதியில் அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அகலமான அந்த வீதியில் ஓரமாக நடக்கையில் யாரும் ஹாரன் அடித்து அவளை ஒதுங்க வைக்கவில்லை. அந்த நிம்மதிகூட அவளை அரித்தது. நம் ஊர்த் தெருவுக்கு இது ஏன் வாய்க்கவில்லை என்று எரிச்சல் வந்தது. கூடவே ஒரு சந்தேகம். இத்தனையும் மாமி ஒருத்திக்காகத்தான் செய்கிறேனா? ஒரு வீட்டுச் சங்கடத்துக்காக ஊரையே இழுத்துப்போட்டேனா?

இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வந்தபோது ஒரு குட்டியானை வண்டி டிரம்களுக்கு நடுவே சிக்கி நின்றது. பாத்திரக் கடைக்குச் சரக்கு இறக்க வந்த வண்டி. பின்னால் ஹாரன்கள். ஹஸீனா பையைக் கடைக்குள் எறிந்துவிட்டு டிரம்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். சரக்கு இறக்க வண்டி நிற்கும் இடத்துக்கு வரைபடத்தில் விட்டிருந்த நீளம் போதவில்லை. இன்னும் இரண்டு டிரம் தள்ளி வைத்தாள். வேர்வை கண்ணில் வழிந்தது. ரியாஸ் வந்து மறு முனையைப் பிடித்தான்.

"அத்தா பாக்காக," என்றான் மெதுவாக.

"பாக்கட்டும் மச்சான். பிடிங்க."

மூன்றாம் நாளிலிருந்து சண்டை குறைந்தது. பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள் கயிற்றுக்கு உள்ளே இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடப்பதை அந்தத் தெருவில் ஹஸீனா அதற்கு முன் பார்த்ததில்லை. வலைக்கு அடியில் யாரோ இரண்டு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். டீக்கடையில் பெண்களும் நின்று டீ குடித்தார்கள். ஆனால் பாத்திரக் கடையில் கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. சேக் முகைதீன் கல்லாவில் இருந்தபடி தெருவை வெறித்துக்கொண்டிருந்தார். ஹஸீனா படியேறி இறங்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பாள். அதில் எதையும் படிக்க முடியவில்லை.

நூர்னிசா இறங்கவில்லை. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கீழே பார்த்தாள்.

"மாமி, இப்ப வண்டி இல்ல. ஜுலைகா மாமி வீடு வரைக்கும் நிழல்தான். நான் கூட வாரேன், ஒரு நடை போயிட்டு வருவோமா?"

"ஒங்க மாமா மைக் இல்லாம ஊருக்கே கேக்குற மாதிரி வேண்டாம்னு சொன்ன தெருவு அது. நான் அதுல நடந்தா அவியள நானே எதுத்த மாதிரி ஆயிரும்லா?"

"அப்பம் ஆசை இல்லையா ஒங்களுக்கு?"

நூர்னிசா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், கேட்டிருக்கக் கூடாது என்று ஹஸீனாவுக்குப் பட்டது.

*

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு சங்கம் கூடியது. வாரம் முடிய நாள் இருந்தது, ஆனாலும் பொறுக்க முடியாது என்றார்கள். டிரம்களை எடுத்துவிடுவது என்று முடிவானது. தலைவர் முன்னால் நின்று எடுக்க வேண்டும், அப்போதுதான் நகராட்சிக்கு உறைக்கும் என்றார் பொன்னுராஜ். சேக் முகைதீன் மறுப்புச் சொல்லவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே முடித்துவிடலாம் என்று இரண்டு சுமைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஹஸீனா அன்று அலுவலகம் போகவில்லை. மாடிப்படியின் நடுவில் நின்றாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. முதல் டிரம்மைத் தூக்கிக் குட்டியானையில் போடும் சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது.

அப்போது மேலிருந்து கைத்தடி தட்டும் சத்தம். நூர்னிசா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"மாமி, நானும் வாரேன்."

"நீ நில்லு. எனக்கு வழி தெரியும்."

ஹஸீனா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். நூர்னிசா கடை வாசலைத் தாண்டினாள். கணவருக்கு எதிரே வந்ததும் நின்றாள்.

"ஜுலைகாவப் பாத்துட்டு வாரேன்."

"இப்பமா?" என்றார் சேக் முகைதீன். "ஆட்டோ சொல்லட்டா?"

"வேண்டாம். எடுத்து முடிச்சிட்டியன்னா பொறவு போக முடியாதுல்லா. அதான் இப்பமே போறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கடை அடைப்பதற்குள் உப்பு வாங்கப் போகிறவள் மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு உள்ளே நடக்கத் தொடங்கினாள். தடியை ஊன்றி ஒரு அடி, நின்று மூச்சு வாங்கி இன்னொரு அடி. எதிரே வந்த பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள் ஒதுங்கினார்கள். வலையின் நிழல் அவள் துப்பட்டியில் கட்டம் கட்டமாக விழுந்து நகர்ந்தது.

சுமைக்காரர் நாலாவது டிரம்மைப் பிடித்தார். சேக் முகைதீன் கையைக் காட்டினார்.

"ஏலே, செத்த நேரம் நில்லுங்க."

"என்ன பாய், நேரம் ஆகுதுல்லா," என்றார் பொன்னுராஜ்.

"அவ போய்ச் சேரட்டும்யா."

எல்லோரும் நின்றார்கள். தெருக் கோடியில் ஜுலைகா வாசலுக்கு ஓடி வந்து அக்காளைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. பொன்னுராஜ் "சரி, எடுங்கப்பா" என்றார்.

"திரும்பி வரணும்லா," என்றார் சேக் முகைதீன்.

அவர் கடையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கயிற்றுக்குள் போட்டு உட்கார்ந்தார். அஸருக்குப் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். போகிறவர்கள் ஸலாம் சொன்னார்கள். ஒரு பெண் நின்று, "பாய், ஒங்க கடையில இட்லித்தட்டு மட்டும் தனியா கெடைக்குமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாளாம். நின்று பார்க்க இடமே கிடைத்ததில்லையாம். அவர் ரியாஸைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பொன்னுராஜ் சலித்துப்போய்த் தன் கடைக்குள் போனார்.

பொழுது அடைகிற நேரம், மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நூர்னிசா திரும்பி வந்தாள். துணைக்கு ஜுலைகாவும் நடந்து வந்திருந்தாள். இரண்டு பேர் முகமும் அழுது சிவந்து, அதே சமயம் சிரிப்பாக இருந்தது.

"இப்ப எடுக்கலாமா பாய்?" என்று சுமைக்காரர் கேட்டார்.

சேக் முகைதீன் ஜுலைகாவைப் பார்த்தார். "இவ திரும்பி வீட்டுக்குப் போகணும்லாப்பா," என்றார். "நீங்க நாளைக்கு வாங்க."

*

அதற்காக அவர் மனம் மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால் அது பொய். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "எனக்கு இது அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல," என்றுதான் தொடங்கினார். "ஆனா வேண்டவே வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல." பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் சரக்கு இறக்கும் நேரத்தில் வண்டிகளைத் தடுக்கக் கூடாது. கடைப் பெயர்ப்பலகையை மறைக்கிற மாதிரி மரம் நடக்கூடாது. மைதானத்துக்கு முதலில் கூரை போட வேண்டும், அங்கிருந்து தெருவுக்குக் குறுக்கு வழி விட வேண்டும், அண்டா தூக்கிக்கொண்டு எவனும் ஊரைச் சுற்ற மாட்டான்.

இழுபறிக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் நடைபாதை என்று முடிவானது. பாதித் தெரு. எதிர்ப்பக்கம் வண்டிகள் நிற்கும். ஹஸீனா சிடுசிடுவென்று இருந்தாள். "பாதி நிழல்ல யார் நடப்பா மேடம்?" என்று ஜெயபாயிடம் கத்தினாள்.

"பாதி கெடைச்சிருக்கு. மீதியக் கேக்க ஒனக்கு வயசு இருக்கு," என்றார் ஜெயபாய். "முதல்ல ஜுலைகாம்மா வீட்டுப் பக்கம் தெருவக் கடக்க ஒரு மேடு வரைஞ்சு குடு. வண்டி அங்க வேகம் குறைக்கணும்."

வரைந்தாள். சரக்கு இறக்கும் இடத்தை மாமனாரிடமே காட்டி, இரண்டு முறை மாற்றினாள். ஒரு புங்கங்கன்றுக்காக அவர்கள் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பெயர்ப்பலகையில் "முகைதீன்" தெரிந்தால் போதாது, "பாத்திரக் கடை"யும் தெரிய வேண்டும் என்றார் அவர். கன்றை அடுத்த கடைப் பக்கம் தள்ளி வைத்தாள். அந்தக் கடைக்காரர் தன் பங்குக்கு வந்து சண்டை போட்டார்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு வேலை ஆரம்பமானது. தெருவைத் தோண்டிப் போட்டார்கள். பாத்திரங்களில் எல்லாம் புழுதி. துடைத்து வைத்தால் மறுநிமிஷம் மறுபடி. ரியாஸ் இருமிக்கொண்டே இருந்தான். நூர்னிசா மறுபடி ஜன்னலோடு அடைந்து கிடந்தாள். "எப்பம்மா முடிப்பாங்க?" என்று தினமும் கேட்டாள். ஹஸீனா தினமும் வேறு வேறு பதில் சொன்னாள். எதிலும் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஒருநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது கீழே டமார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து தண்ணீர் பீய்ச்சும் ஓசை. மண் அள்ளும் இயந்திரத்தின் பல் குடிநீர்க் குழாயில் பட்டுவிட்டது. செம்மண் குழம்பு படி தாண்டி அடுக்கி வைத்த குடங்களுக்கு நடுவே புகுந்தது.

"ஹஸீனா!" மைக் தேவைப்படாத குரல் மாடி வரைக்கும் வந்தது. "ஒன் தெரு கடைக்குள்ள வந்துட்டு! எறங்கி வா!"

அவள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, சுடிதார் காலைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். ஒரு கையில் போன், பொறியாளரின் எண். மறு கையால் மிதந்துவந்த ஒரு மூடியைத் தள்ளினாள். சேக் முகைதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் வரை சேற்றில் நின்றார். அடுக்கிலிருந்து ஒரு புது வாளியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் கிழித்து எறிந்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"மொதல்ல தண்ணிய அள்ளு. போன் பொறவு பண்ணிக்கலாம்."